ஓர் அவுன்ஸ் குறைவு

கொரியா எந்தத் திசையில் இருக்கிறது என்று நுவரெலியா பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ஆண்டியப்பனுக்குத் தெரியாது. ஆனால் அங்கே சண்டை மூண்டால் தன் கடையில் கம்பளி நூலின் விலை ஏறும் என்பதை, கொழும்பு மொத்த வியாபாரி எழுதிய கடிதங்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டன. சண்டை போடுகிற சிப்பாய்களுக்குக் குளிருமாம். பெரிய பெரிய அரசாங்கங்கள் எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு ஆஸ்திரேலியாவில் கம்பளியை அள்ளிக் கட்டுகின்றனவாம். 1950 தீபாவளிக்கு வந்த கடிதத்தில் ஒரு விலை. கார்த்திகையில் வந்ததில் அதைவிடக் கூடுதல். "இன்றைய விலை இது, நாளைக்கு உத்தரவாதம் இல்லை" என்று ஒவ்வொரு கடிதமும் முடிந்தது.

இன்னொருவராக இருந்தால் குதித்திருப்பார். ஏனென்றால் ஆண்டியப்பன் அந்த வருஷத்துக்கான கம்பளி நூலை ஆடி மாதத்திலேயே, விலை ஏறுவதற்கு முன்பே, கட்டுக் கட்டாக வாங்கிப் போட்டிருந்தார். ஆனால் மனுஷருக்குச் சந்தோஷம் என்பது சட்டையைப் போல. போட்ட உடனேயே எங்கே கிழிந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவார். பொருள் மலிவாக இருந்தவரை அது எங்கே கிடக்கிறது என்று அவர் கவலைப்பட்டதில்லை. விலை ஏற ஏற, அது தன் கையில்தான் இருக்கிறதா என்ற பயம் பிடித்துக்கொண்டது.

பயப்படக் காரணமும் இருந்தது. கம்பளியில் பாதிக்கு மேல் கடையில் இல்லை. அவருடைய மனைவி நாகலெட்சுமி அதைப் பின்னல்காரப் பெண்களிடம் பிரித்துக் கொடுத்திருந்தாள்.

இந்தப் பின்னல் வேலையே நாகலெட்சுமியின் யோசனைதான். ஏப்ரல் மாதம் வந்தால் நுவரெலியாவுக்குச் சீசன். குதிரைப் பந்தயம் பார்க்கவும் பூக்காட்சி பார்க்கவும் கொழும்புப் பணக்காரர்கள் மெல்லிய சட்டையோடு மலையேறி வருவார்கள். இறங்கிய சாயங்காலமே பல் தந்தியடிக்கும். மறுநாள் காலையில் பஜாருக்கு ஓடி வந்து சுவெட்டர் கேட்பார்கள். அந்த நேரத்தில் யாரும் விலை பேசுவதில்லை. சீமையிலிருந்து வரும் சுவெட்டரை வாங்கி விற்பதைவிட, நூலை வாங்கி இங்கேயே பின்னச் சொன்னால் என்ன என்று நாகலெட்சுமிக்குத் தோன்றியது.

பின்னத் தெரிந்த கைகள் சுற்றியுள்ள தோட்டங்களில் சும்மா கிடந்தன. துரைமார் பங்களாக்களில் ஆயாவாக இருந்தவர்கள் அவர்கள். துரைசாணிகள் மழைக்காலத்தில் பொழுது போகாமல் இவர்களுக்கும் ஊசியைக் கொடுத்துப் பின்னக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சுதந்திரம் வந்த பிறகு துரைமாரில் பலர் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். ஆயாக்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பினார்கள். அப்படித் திரும்பியவர்களில் ஒருத்திதான் ராக்காயி. அவளுடைய புருஷன் அழகனுக்கு ஊருக்கு மேலே இருந்த தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் வேலை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கொழுந்தெடுக்கப் போக முடியாமல் ராக்காயி வீட்டிலிருந்தே பின்னிக் கொடுத்தாள்.

ராக்காயியின் கை சுத்தமான கை. ஒரு கண்ணிகூடத் தளராது. அவள் கொண்டுவரும் சுவெட்டரை நாகலெட்சுமி வாங்கிய உடனே உள்ளே வைக்கமாட்டாள். மடியில் போட்டு ஒரு தடவை தடவிப் பார்ப்பாள். இருவரும் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே கழுத்துப் பட்டை எப்படி, கை எப்படி என்று பேசினால் நேரம் போவதே தெரியாது. முதலாளி வீட்டம்மாவுக்கும் லயத்துப் பெண்ணுக்கும் அப்படி என்ன பேச்சு என்று பஜாரில் மூக்கு வேர்த்தவர்களும் உண்டு.

ஆடியில் கம்பளிக் கட்டு வந்த சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. கட்டைப் பின்னறையில் போட்டுச் சில நாள் கழித்து நிறுத்தபோது, கொழும்பு பில்லில் இருந்ததைவிடக் கூடுதலாக எடை நின்றது. ஆண்டியப்பன் இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தார். கொழும்புக்காரன் ஏமாந்துவிட்டான் என்று முடிவு கட்டி, மனைவியிடம்கூட மெல்லத்தான் சொன்னார். மறுநாள் காலையில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார். வெளியே அப்போது நாள் கணக்காக மழை விடவே இல்லை. பின்னறைச் சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கம்பளியைத்தான் நாகலெட்சுமி சிட்டம் சிட்டமாக நிறுத்து எல்லோருக்கும் கொடுத்தாள். அவளும் தன் பங்குக்கு ஒரு சுவெட்டருக்கான நூலை எடுத்துக்கொண்டாள். சீசனில் கடைக் கண்ணாடிக்குள் மாட்டி வைக்க அவளே ஒன்று பின்னுவது வழக்கம்.

முந்தைய வருஷங்களில் கம்பளியை நிறுத்துக் கொடுப்பதோடு சரி. பின்னி வரும்போது யாரும் நிறுப்பதில்லை. மிச்ச நூல் இருந்தால் கொண்டுவந்து தருவார்கள், வாங்கி வைத்துக்கொள்வாள். மார்கழிக் கடிதம் வந்ததும் ஆண்டியப்பன் புதுச் சட்டம் போட்டார்.

"இனிமே வர்ற சுவெட்டரையும் மிச்ச நூலையும் ஒண்ணாப் போட்டு நிறு. குடுத்த எடை வரணும். கொறஞ்சா கூலியில புடிச்சுக்க."

"எந்த வெலைக்குப் புடிக்கிறது?"

"கடைசியாக் கொழும்புலேர்ந்து என்ன வெல வந்திருக்கோ அதுக்கு."

"நாம வாங்குனது பழைய வெலைக்குத்தானேங்க?"

"அந்த வெலைக்கு இன்னைக்கு எவன் குடுப்பான் லெட்சுமி? காணாமப் போனத நான் இன்னைக்கு வெலைக்குத்தானே வாங்கி வைக்கணும்?"

நாகலெட்சுமிக்கு அது கேட்கும்போது நியாயமாக இருந்தது. யோசித்தால் எங்கோ இடித்தது. எங்கே என்று பிடிபடாததால் சரியென்று தலையாட்டிவிட்டாள்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் முதல் தவணைச் சுவெட்டர்களைக் கொண்டுவந்தார்கள். மழை விட்டுப் பல நாளாகியிருந்தது. காலையில் புல்லெல்லாம் உறைபனி. பத்து மணிக்கு மேல் கண் கூசுகிற வெயில், காய்ந்த காற்று. கடை நிறையப் பெண்கள். நாகலெட்சுமி துரை வீட்டு ஏலத்தில் எடுத்திருந்த தராசை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பேச்சியம்மா முதலில் வந்தாள். வாய் பெரியது, பின்னல் கொஞ்சம் தொளதொள. ஆனால் எடை முள் மாதிரி நின்றது. அடுத்து வந்த இரண்டு பேருக்குக் கொஞ்சம் குறைந்தது. ஏதோ வெட்டுத் துண்டு, பிசிறு என்று நினைத்து நாகலெட்சுமி சில்லறை பிடித்ததோடு விட்டுவிட்டாள். பிறகு ராக்காயி.

நான்கு சுவெட்டர். மடிப்புக் கலையாமல், தொட்டால் பொருபொருவென்று, லேசாக அடுப்புப் புகை வாசத்தோடு இருந்தன. முதலாவதையும் அதன் மிச்ச நூலையும் தட்டில் வைத்தாள். ஓர் அவுன்ஸ் குறைந்தது. இரண்டாவதும் அப்படியே. நான்கும் அப்படியே. நான்கையும் ஒன்றாகப் போட்டும் நாலு அவுன்ஸ் எட்டவில்லை. கல்லை மாற்றி வைத்து நிறுத்தாள். அதற்குள் கடையில் பேச்சு அடங்கிவிட்டது.

நாகலெட்சுமிக்கு ராக்காயி மேல் கோபம் வரவில்லை, இரக்கம்தான் வந்தது. லயத்துக் குளிரில் ஒரு பெண்குழந்தை, கண் முன்னால் நல்ல கம்பளி. யாருக்குத்தான் கை போகாது? மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினாள். அமைதியான கடையில் தாழ்ந்த குரல் நன்றாகவே கேட்கும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

"ராக்காயி, புள்ளைக்குன்னு கொஞ்சம் எடுத்திருந்தா சொல்லிரு. நான் அவருகிட்டப் பேசிக்கிறேன்."

ராக்காயி நிமிர்ந்து பார்த்தாள். "நான் எடுக்கலீங்கம்மா."

"கோவிச்சுக்காத. எடுத்தா என்ன, மனுசர்தானே? என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"எடுக்கலீங்க."

கல்லாவிலிருந்து ஆண்டியப்பன் கேட்டார்: "எடுக்கலேன்னா எங்க போச்சு? கால் மொளச்சு நடந்து போச்சா?"

இரண்டொருத்தி சிரித்தார்கள். பேச்சியம்மா ராக்காயியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். நாலு அவுன்ஸுக்கு அன்றைய கொழும்பு விலையைப் பிடித்துக்கொண்டு ஆண்டியப்பன் மீதிக் கூலியைக் கொடுத்தார். ராக்காயி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மீதிச் சுவெட்டர்களுக்கான கம்பளி இன்னும் அவள் வீட்டில் இருந்தது. அதையும் முடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குத் தேத்தண்ணி குடிக்கவில்லை.

நாகலெட்சுமிக்கு மனத்தாங்கலாக இருந்தது. அவ்வளவு தணிந்து கேட்டும் தன்னிடம் உண்மையைச் சொல்லவில்லையே என்ற மனத்தாங்கல். நல்ல மனசுக்காரர்களின் தொல்லையே இதுதான். மன்னிக்கத் தயாராகிவிட்டால், எதிரே இருப்பவர் தப்புச் செய்தாரா என்று பார்க்கத் தோன்றாது.

மாசி மாதம் ராக்காயி இரண்டாம் தவணையைக் கொண்டுவந்தாள். நாகலெட்சுமி ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தாள். இம்மி பிசகாமல் நின்றது எடை. சுவெட்டர்கள் கைக்குச் சில்லென்று இருந்தன. நுவரெலியாவில் சில்லென்று இல்லாதது எது? நாகலெட்சுமிக்கு நிம்மதியில் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா ராக்காயி, இப்பச் சரியா இருக்கு பாரு," என்று சிரித்தாள்.

ராக்காயி அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கூலியக் குடுங்கம்மா," என்றாள். அடுத்த கட்டுக் கம்பளியை நாகலெட்சுமி எடுத்து வைத்தபோது கையை நீட்டவில்லை.

"இனிமே வேணாங்க. கொழுந்தெடுக்கப் பேரு பதியச் சொல்லிட்டேன்."

"இந்தக் கைய வச்சுக்கிட்டுக் கொழுந்தெடுக்கப் போறியா? புள்ளைய என்ன பண்ணுவ?"

"தோட்டத்துப் புள்ளக் காம்பராவுல விட்டுருவேன், அங்க பாத்துக்குவாங்க. எல்லாரும் விடுறாங்கதானே?"

பேசப் பேச வார்த்தை வளராமல் அவளே முடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். வெட்கத்தில் போகிறாள், சீசன் முடிந்தால் சரியாகிவிடும் என்று நாகலெட்சுமி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பொழுது சாய்ந்தால் கடைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து பின்னுவது பிடிக்கவில்லை. கழுத்துப் பட்டையில் ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. ராக்காயி இல்லாதது உறுத்தியது என்று சொல்வது போதாது, வலித்தது.

பங்குனி பிறந்தபோது நாகலெட்சுமி தன் சுவெட்டரை முடித்தாள். மாடி ஜன்னலில் நல்ல வெயில் விழும் இடத்தில் விரித்து வைத்து, மத்தியானம் எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். மிச்ச நூலும் கையில் இருந்தது. பழக்க தோஷம், இரண்டையும் தராசில் போட்டாள்.

ஓர் அவுன்ஸ் குறைந்தது.

கல்லைத் துடைத்து வைத்தாள். மறுபடியும் நிறுத்தாள். மாடிக்கு ஓடிப் பாய்க்கு அடியிலும் பெட்டிக்குப் பின்னாலும் தேடினாள். ஊசி டப்பாவைக் கவிழ்த்தாள். இந்த நூலைத் தன் கையால் நிறுத்து, தன் கையால் எடுத்து வைத்து, தன் கையால் பின்னினாள். வேறு யாரும் தொடவில்லை. "எடுத்திருந்தாச் சொல்லிரு" என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளலாம்தான்.

புருஷனிடம் சொல்லவில்லை. சுவெட்டரைப் பின்னறையில் கொடியில் போட்டாள். சித்திரைக்கு முந்திய இடிமழை அந்த வாரமே தொடங்கியது. மத்தியானமானால் மலையெல்லாம் மூடிக்கொண்டு ஊற்றியது. பின்னறைச் சுவர் மறுபடியும் வியர்த்தது. ஒரு சாயங்காலம் அவள் சுவெட்டரை எடுத்து மறுபடி நிறுத்தாள். போன அவுன்ஸ் ஏறக்குறைய முழுசாகத் திரும்பி வந்திருந்தது.

அவள் நிறுத்தது கம்பளியை மட்டுமல்ல. ஆடி மழையையும் சேர்த்து நிறுத்துக் கொடுத்திருக்கிறாள். வெயில் காய்ந்த தை மாதத்தில் அந்த மழையைத் திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் சீசனுக்காகப் பெட்டிகளைத் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் பூஞ்சண வாடை குப்பென்று அடித்தது. எடை சரியாக இருந்த சுவெட்டர்கள் எல்லாம் மக்கல் நாற்றம். பேச்சியம்மாவுடையதில் அக்குளில் பச்சை பூத்திருந்தது. ராக்காயியின் முதல் நான்கு சுவெட்டர்கள், எடை குறைந்த அந்த நான்கு மட்டும், வைத்தபடி பொருபொருவென்று கிடந்தன.

ஆண்டியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். நாகலெட்சுமி அவரை உட்கார வைத்து, தன் சுவெட்டரை அடுப்பங்கரையில் காயவைத்து நிறுத்துக் காட்டினாள்; பின்னறையில் போட்டு எடுத்தும் காட்டினாள்.

"தராசு கோளாறு," என்றார் அவர்.

"தராசு கோளாறுன்னா ஆடியில கட்டு கூட நின்னப்ப எதுக்குத் தேங்கா ஒடச்சீங்க?"

ஆண்டியப்பன் தராசைப் பார்த்தார். வியாபாரிக்கு மூளை மெதுவாகத் திரும்பினாலும் சரியான இடத்தில்தான் போய் நிற்கும்.

"அப்ப நாம புதுச் சட்டம் போட்டதும், தண்ணி தெளிச்சுக் கொண்டாந்தவளுக்கு முழுக் கூலி. காயவச்சுக் கொண்டாந்தவளுக்கு அபராதம்."

"ஆமா."

"சரி. எல்லாத்தையும் வெயில்ல போடு. வாடை போயிரும். வெளியில மூச்சு விடாத. புடிச்ச காசை எல்லாரும் திருப்பிக் கேட்டா நம்ம கதி என்ன?"

"கேட்டாக் குடுக்க வேண்டியதுதான். மத்தவங்ககிட்டப் புடிச்சது சில்லறைங்க. ராக்காயிகிட்டப் புடிச்சது அவ பேரை."

ஆண்டியப்பன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். ஆனால் அவள் கல்லாவிலிருந்து பணத்தை எடுத்தபோது தடுக்கவில்லை.

மறுநாள் மழைக்கு முன்னாலேயே நாகலெட்சுமி தோட்டத்துக்கு ஏறிப் போனாள். ராக்காயி மதியச் சாப்பாட்டுக்கு லயத்துக்கு வந்திருந்தாள். கொழுந்துச் சாயம் விரலெல்லாம் கறுத்திருந்தது. எதிர்பாராமல் முதலாளியம்மாவைக் கண்டதும் சாக்கைத் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னாள். அதில் மரியாதை இருந்தது. பழைய நெருக்கம் இல்லை.

நாகலெட்சுமி சுற்றி வளைக்கவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னாள். தன் சுவெட்டரில் குறைந்ததையும், மழையில் அது திரும்பி வந்ததையும் சொன்னாள். "ஒன்னோடதுதான் எல்லார்துலயும் லேசா இருந்துச்சு. ஏன்னு இப்பத்தான் தெரியுது. நீ காய வச்சுக் கொண்டாந்த."

"அடுப்புத் தணல்ல கூடையக் கவுத்து மேல விரிப்பேங்க. துரைசாணி புள்ளத் துணிய அப்படித்தான் காய வைக்கச் சொல்லும்."

"அதுக்கு நான் ஒன்னைத் திருடின்னு சொல்லிட்டேன்." நாகலெட்சுமி பணப் பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தாள். "இது ஒங்கிட்டப் பிடிச்ச காசு. எடுத்துக்க."

ராக்காயி பொட்டலத்தைத் தொடவில்லை.

"வேணாங்கம்மா. இதை வாங்குனா நான் திருடியாயிருவேன்."

நாகலெட்சுமிக்குப் புரியவில்லை. ராக்காயி எழுந்து உள்ளே போனாள். ஒரு சின்னச் சுவெட்டரைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். நடக்கப் பழகும் குழந்தைக்கான அளவு. வான நீலம். கடைக் கம்பளி.

"நீங்க காசு புடிச்சப்புறம் எடுத்தேங்க. ரெண்டாவது தவணையில. வெலயக் குடுத்தாச்சு, சரக்கு மட்டும் ஏன் அங்க கெடக்கணும்னு தோணுச்சு. நீங்க கொறஞ்சுச்சுன்னு சொன்ன நாலு அவுன்ஸ், அவ்வளவுதான் எடுத்தேன். அதுக்கு மேல ஒரு நூல் எடுக்கல."

"எடை சரியா இருந்துச்சே?"

"பேச்சியம்மா அக்கா சொல்லிக் குடுத்துச்சு. மொத நாள் பொழுதுசாயப் பனியில போட்டு எடுத்தா ஏறிக்கும்னு."

நாகலெட்சுமி அந்தச் சின்னச் சுவெட்டரைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணிகூடத் தளரவில்லை.

"நான் எடுக்காதப்ப எடுத்தேன்னீங்க," என்றாள் ராக்காயி. அவள் குரல் ஏறவில்லை. "எடுத்துட்டு வந்தப்ப, இப்பச் சரியா இருக்குன்னு சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பத்தாங்கம்மா என்னால தாங்க முடியல. அது ஒங்க கிட்ட இருந்து வந்துச்சே."

வெளியே லயத்துக் கோழி ஒன்று கத்திக்கொண்டு ஓடியது. நாகலெட்சுமி அழுதாள். அழுவதை மறைக்கவில்லை. ராக்காயி தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள், நாகலெட்சுமி குடித்தாள். நேரம் கழித்து, போவதற்கு எழுந்தபோது கேட்டாள்: "நான் என்ன பண்ணணும்னு நீ சொல்லு."

"எல்லாரும் இருக்கையில சொன்னீங்கம்மா. எல்லாரும் இருக்கையிலேயே மாத்திச் சொல்லுங்க. ஆனா நான் எப்பவுமே எடுக்கலேன்னு சொல்லாதீங்க. அது பொய்யாப் போயிரும். நீங்க சொன்ன அன்னைக்கு எடுக்கல. அதைச் சொன்னாப் போதும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை நிறையப் பெண்கள். வெயிலில் காயப்போட்ட சுவெட்டர்கள் முற்றமெங்கும் கிடந்தன. நாகலெட்சுமி தன் சுவெட்டரை எல்லோர் முன்னாலும் தராசில் வைத்தாள். முதல் நாள் முழுக்க அடுப்பு மேல் கிடந்த சுவெட்டர் அது.

"இது நான் பின்னுனது. ஒரு அவுன்ஸ் கொறையுது. இந்தத் தராசுச் சட்டப்படி நானும் திருடி," என்றாள். பிறகு ஈரம் எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்று சொன்னாள். கடைசியாக வாசல் பக்கம் திரும்பினாள். ராக்காயி இடுப்பில் குழந்தையோடு அங்கே நின்றுகொண்டிருந்தாள். படியேறவில்லை.

"தை மாசம் இதே எடத்துல ராக்காயிகிட்ட நான் கேட்டது தப்பு. அன்னைக்கு அவ எடுக்கல. கேட்டுக்கங்க, அன்னைக்கு அவ ஒரு நூலும் எடுக்கல."

பிறகு நாகலெட்சுமி இனிமேல் எடை கிடையாது, சுவெட்டருக்கு இவ்வளவு என்று ஒரே கூலி, காய்ந்து வந்தால்தான் வாங்குவேன் என்றாள். கூலியில் பிடித்ததை எல்லாருக்கும் திருப்பிக் கொடுப்பதாகவும் சொன்னாள். பேச்சியம்மாவுக்கு மட்டும் முகம் விழுந்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் புடிக்கலையே, அப்ப எனக்கு என்ன கெடைக்கும்?" என்று கேட்டாள். கடையே சிரித்தது. இந்தத் தடவை ராக்காயியும் சிரித்தாள்.

ஆண்டியப்பன் சிரிக்கவில்லை. அன்று காலையில்தான் கொழும்பிலிருந்து கடிதம் வந்திருந்தது. விலை இறங்க ஆரம்பித்துவிட்டதாம். அவர் கண் வாசலில் நின்ற குழந்தை மேல் போயிற்று. வான நீலச் சுவெட்டர். வியாபாரியின் கண்ணுக்குத் தன் சரக்கு தப்பாது.

"அது நம்ம கம்பளி மாதிரில்ல இருக்கு?" என்றார் சத்தமாக.

ராக்காயி நகரவில்லை. குழந்தையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். எல்லோரும் நாகலெட்சுமியைப் பார்த்தார்கள். தை மாதத்தில் குரலைத் தாழ்த்தியவள், இப்போது தாழ்த்தவில்லை.

"நம்மளது இல்லீங்க. நாம வித்தது. நாலு அவுன்ஸு, தை மாச வெலைக்கு நீங்கதான் கூலியில காசைப் புடிச்சுக்கிட்டீங்க. இந்த வருசம் கம்பளியில அதைவிட நல்ல வெல நமக்குக் கெடைக்கல."

ராக்காயி குழந்தையோடு படியேறி உள்ளே வந்தாள்.